எடைக் குறைப்பு ஆபரேஷன்: பத்தாம் ஆண்டில் என்ன ஆகும்?

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எடை இரண்டு மூன்று கிலோ இறங்கியிருந்தாலே அதிகம். வடிகட்டிய சூப்பும் மோரும்தான் உள்ளே போகின்றன. அதற்குள், "இன்சுலினைக் குறைச்சுடலாம்" என்கிறார் டாக்டர். சில வாரங்களில் ஊசியே நின்றுவிடுகிறது. பத்து வருடம் மாத்திரையோடு மல்லுக்கட்டிய சர்க்கரை இப்படிச் சட்டென்று அடங்குவது, உறவுக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே புரியாத புதிராகத்தான் இருந்தது.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊர். அங்குள்ள ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் வால்டர் போரிஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 608 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் 146 பேர். அதில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு 83 பேர்! 'யார்தான் இதை எதிர்பார்த்திருப்பார்கள்' என்கிற திகைப்பையே அவர் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருந்தார்.

அன்று முதல் 'பேரியாட்ரிக் சர்ஜரி' என்பது உடம்பை இளைக்க வைக்கும் வேலை மட்டுமே என்ற எண்ணம் மாறத் தொடங்கியது. இன்று மருத்துவ உலகம் அதை 'வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சை' என்றே சேர்த்து அழைக்கிறது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அப்படியொரு நாட்டில் இந்த ஆபரேஷன் மீது ஆசை கூடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், விளம்பரங்களில் நாம் பார்ப்பதெல்லாம் ஆபரேஷனுக்கு முன், பின் என்று இரண்டு போட்டோக்கள். அந்த 'பின்' பெரும்பாலும் ஓராண்டுக்குள் எடுத்தது. ஐந்தாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில் அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

குடலுக்குள் நடக்கும் மாற்றம்

நம்மூரில் பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மிச்சம் ஒரு குறுகிய குழாயாக நிற்கும். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியில் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே போகும்.

'வயிறு சின்னதாகிவிட்டது, அதனால் சாப்பாடு குறைகிறது' என்பது பாதி விளக்கம்தான். இரைப்பையின் மேல்புறத்தில் 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே போய்விடுவதால் பசியின் வேகம் குறைகிறது. பைபாஸில் உணவு சீக்கிரமே சிறுகுடலின் அடிப்பகுதிக்குப் போய்ச் சேர்வதால், அங்கிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. இவை கணையத்திடம் இன்சுலின் கேட்கும். மூளையிடம் 'போதும்' என்று சொல்லும். பித்தநீரின் ஓட்டமும், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கலவையும்கூட மாறுகின்றன.

ஆனால், முதல் வாரத்தில் சர்க்கரை இறங்குவதில் பெரும்பங்கு, உணவு அடியோடு குறைந்ததற்கு உண்டு. கல்லீரலில் படிந்த கொழுப்பு சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டயட் இருந்து எடை குறைத்த சர்க்கரை நோயாளிகளையும், பைபாஸ் செய்து அதே அளவு எடை குறைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வளர்சிதை மாற்றத்தில் இரு தரப்புக்கும் கிடைத்த நன்மை ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் ஆபரேஷன் எதற்கு? குறைந்த எடையைத் தக்கவைப்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

உடம்பின் பிடிவாதம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற போட்டி பிரபலம். கடும் டயட், கடும் உடற்பயிற்சி என்று மாதக்கணக்கில் வாட்டி எடுப்பார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு பரிசோதித்தது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதைவிட அதிர்ச்சி, சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பட்டினிக் காலம் என்று நினைத்து உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. ஆறு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சிக்கனத்தை விடவில்லை.

அதே குழு, போட்டியாளர்களையும் பைபாஸ் செய்தவர்களையும் ஜோடி சேர்த்து ஒப்பிட்ட இன்னோர் ஆய்வும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு ஆறாவது மாதத்தில் அந்தச் சிக்கனம் தென்பட்டது. ஓராண்டு ஆகும்போது மறைந்துவிட்டது. எடை குறைந்தால் பசியைக் கூட்டுவதும் செலவைக் குறைப்பதும்தான் உடம்பின் பழைய தந்திரம். ஆபரேஷன் அந்தத் தந்திரத்தின் பல்லைப் பிடுங்குகிறது. மன உறுதி இல்லாதவர்கள் தேடும் குறுக்கு வழி இது என்று ஏளனம் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் பதில் சொல்லும்.

சுவீடன் சொல்லும் கணக்கு

நீண்ட காலக் கணக்குக்கு உலகமே திரும்பிப் பார்ப்பது சுவீடனைத்தான். கோத்தன்பர்க் நகரின் லார்ஸ் ஸ்யோஸ்ட்ரோம் 1987-ல் தொடங்கிய ஆய்வு அது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2,010 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 2,037 பேர். இரு தரப்பையும் பத்தாண்டுகளைத் தாண்டியும் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

எடையை முதலில் பார்ப்போம். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது 120 கிலோ இருந்தவர் 82 கிலோ வரை வந்து, பிறகு மெல்ல ஏறி 90-ல் நிற்கிறார். சில கிலோ திரும்ப ஏறுவது எல்லோருக்கும் பொதுவான போக்கு. அதைத் தோல்வி என்று நினைத்து மனம் உடைந்து, டாக்டரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறவர்கள்தான் உண்மையில் தோற்கிறார்கள்.

அடுத்தது சர்க்கரை. இரண்டாம் ஆண்டில், ஆபரேஷன் தரப்பில் சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டு இருந்தவர்கள் 72 சதவீதம். பதினைந்தாம் ஆண்டில் 30 சதவீதம். வழக்கமான சிகிச்சைத் தரப்பில் அப்போது 6.5 சதவீதம்தான். சுவீடனில் அன்று பெரும்பாலோருக்குச் செய்தவை இன்று கைவிடப்பட்ட பழைய முறைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பைபாஸ் மட்டும் செய்தவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வில், இரண்டாம் ஆண்டில் 75 சதவீதம், ஆறாம் ஆண்டில் 62, பன்னிரண்டாம் ஆண்டில் 51 என்று படிப்படியாக இறங்குகிறது. ஊருக்கு ஊர் எண் மாறினாலும், சரிவு எல்லா ஆய்விலும் உண்டு.

ஆக, 'சர்க்கரை குணமாகிவிடும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். 'அடங்கும்' என்பதே சரி. எவ்வளவு காலம் அடங்கும் என்பது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நோய் வந்து ஓரிரு ஆண்டுகளில் ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பலன் அதிகம், நெடுநாள் நிற்கிறது. பல ஆண்டுகள் இன்சுலின் போட்டு ஓய்ந்தவர்களுக்குப் பலன் குறைவு.

சர்க்கரை திரும்ப வந்துவிட்டால் எல்லாம் வீணா? இல்லை. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் சர்க்கரைப் பாதிப்புகள், சுவீடன் ஆய்வில் ஆபரேஷன் தரப்பில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. சர்க்கரை அடங்கியிருந்த ஆண்டுகள் ரத்தக் குழாய்களுக்குக் கிடைத்த ஓய்வு. ஆயுளும் கூடுகிறது. 2020-ல் வெளியான கணக்குப்படி, ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அப்படியும், பொதுமக்களின் ஆயுளைவிட ஐந்தரை ஆண்டு குறைவுதான். உடல் பருமன் பல காலம் செய்த சேதத்தை ஆபரேஷன் முழுதாக அழித்துவிடுவதில்லை.

பந்தியில் வரும் மயக்கம்

ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் ஒரு தொல்லையை அருகில் போய்ப் பார்ப்போம். கல்யாண வீடு. பைபாஸ் செய்துகொண்ட பெண் ஒருவர் பந்தியில் உட்கார்கிறார். இலையில் முதலில் விழுவது கேசரி. "ரெண்டு வாய்தானம்மா, பொண்ணு வீட்டுக்காரங்க வருத்தப்படுவாங்க" என்று அத்தை வற்புறுத்த, கேசரியும் பாயசமும் உள்ளே போகின்றன. அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. சர்க்கரைக் கரைசல் கட்டுப்பாடில்லாமல் சிறுகுடலில் இறங்கியதன் விளைவு அது. 'டம்பிங்' என்பார்கள். அது அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

இந்த இரண்டாவதற்குக் காரணமே வேறு. இனிப்பு வேகமாக ரத்தத்தில் ஏற, பெருக்கெடுத்த ஜிஎல்பி-1 தூண்டுதலில் கணையம் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டிவிடுகிறது. ஏறிய சர்க்கரை அதே வேகத்தில் அதலபாதாளத்துக்குப் போகிறது. சர்க்கரை நோயிலிருந்து மீட்ட அதே ஹார்மோன்தான் இங்கே தாழ்சர்க்கரையில் தள்ளுகிறது. வண்டி ஓட்டும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மருந்தைவிடச் சாப்பாட்டு ஒழுங்கு முக்கியம். முதல் வாய் முட்டை, பனீர், சுண்டல், மீன் என்று புரதமாக இருக்கட்டும். சோறு கடைசியில், கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சர்க்கரை தாழ்ந்து போனால் கொஞ்சம் இனிப்பு எடுத்துச் சமாளித்துவிட்டு, உடனே புரதம் சாப்பிட வேண்டும். வெறும் இனிப்போடு விட்டால் அடுத்த சரிவு வரும். இதற்கும் அடங்காவிட்டால் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளுக்கோஸ் கரைசல் பரிசோதனையையும், பைபாஸ் செய்தவர்கள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லித் தவிர்ப்பது நல்லது.

ரத்தம், எலும்பு, நரம்பு

உணவு முன்சிறுகுடலைத் தொடுவதில்லை என்று பார்த்தோம். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அங்கேதான். வைட்டமின் பி12 உறிஞ்சப்பட இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை; அதுவும் குறைந்துவிடுகிறது. கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குக் கையிருப்பு இருக்கும் என்பதால், ஆபரேஷன் ஆன முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தக் குறையும் தெரியாது. 'நான்தான் நன்றாக இருக்கிறேனே' என்று மாத்திரையை நிறுத்தியவருக்கு மூன்றாம், நான்காம் ஆண்டில் கால் மரத்துப்போகிறது, மறதி வருகிறது. சைவ உணவுக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே பி12 குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் சிக்கல்.

எலும்பு விஷயம் அதைவிட நிதானமாக நகரும். கால்சியம் போதாதபோது பாராதைராய்டு ஹார்மோன் கூடி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 'நார்மல்' என்றே வரும். எலும்பு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். சுவீடன் ஆய்விலேயே பைபாஸ் செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்பு முறிவு கூடுதலாக இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி1, அதாவது தயமின். உடலில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். ஆபரேஷன் செய்தவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 தீர்ந்து, மூளையே பாதிக்கப்படலாம். தெரு முனை கிளினிக்கில் வாந்திக்கு உடனே குளுக்கோஸ் டிரிப் போட்டுவிடுவார்கள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் பாதிப்பு வேகமாகும். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். ஆபரேஷன் செய்துகொண்டவர் மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வாழ்நாள் முழுக்க என்னென்ன தேவை? பொதுவான மருத்துவ வழிகாட்டல் இது: மல்டிவைட்டமின் தினமும், கால்சியம் சிட்ரேட் 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை, பிரித்துப் பிரித்து, வைட்டமின் டி 3,000 யூனிட், பி12 தினமும் மாத்திரையாகவோ மாதம் ஒரு முறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ, மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம் வரை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். புரதம் தினமும் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவுதான் என்னும்போது, இட்லியும் ரசம் சாதமுமாக நாளை ஓட்டுகிறவருக்கு 60 கிராம் எவ்வளவு பெரிய இலக்கு என்பது புரியும். அது எட்டாவிட்டால் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான்.

ஸ்லீவ் செய்தவர்கள் இதிலெல்லாம் ஓரளவு தப்பிக்கலாம். அவர்களுக்கு வேறு கவலை இருக்கிறது. பின்லாந்தில் 240 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் பத்தாம் ஆண்டு முடிவில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது; பைபாஸ் தரப்பில் 7 சதவீதம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மது, மனசு, மகப்பேறு

பைபாஸ் செய்த உடம்பில் மது வேகமாக ரத்தத்தில் ஏறும், உச்சமும் அதிகம். முன்பு நான்கு கோப்பைக்கு வந்த போதை ஒன்றிரண்டிலேயே வந்துவிடும். அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதமாக இருந்த மதுப் பிரச்சினை இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகக் கூடியது. யூட்டா குழுவின் 2007 ஆய்வில் சர்க்கரை நோயால் இறப்பது பெருமளவு குறைந்தது. விபத்தாலும் தற்கொலையாலும் இறப்பது மட்டும் 58 சதவீதம் கூடுதலாக இருந்தது. மனநல ஆலோசனை என்பது ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிந்துவிடக் கூடாது.

எடை குறைந்ததும் பல பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் 12 முதல் 18 மாதங்கள் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். சுவீடனில் ஆபரேஷனுக்குப் பிறகு கருவுற்ற பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை 1.9 சதவீதம், ஆபரேஷன் செய்யாத, அதே உடல்வாகு கொண்டவர்களுக்கு 6.8 சதவீதம். அதே சமயம், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 15.6 சதவீதம், மற்றவர்களுக்கு 7.6 சதவீதம். தாய்க்கு நல்லதாக முடிந்தது, சிசுவுக்கு ஊட்டம் குறைவதாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி வந்துவிட்டதே?

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின், 'இனி ஆபரேஷன் எதற்கு?' என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த ஊசிகள் குடல் ஹார்மோன்களின் வேலையை வெளியிலிருந்து செய்பவை. பலன் உண்டு, நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும் உண்மை. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறுகிறவர்களுக்கும் இவற்றை டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஊசியானாலும் கத்தியானாலும், இது ஒருமுறை செய்து மறந்துவிடும் வைத்தியம் இல்லை.

யாருக்கு, எப்போது?

2022-ல் இத்துறையின் சர்வதேச அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டல், ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 27.5-ஐத் தாண்டினாலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதே காரணம். சுவீடன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. யாருக்குப் பலன் அதிகம் என்பதை ஆரம்ப எடையைவிட, ரத்தத்தில் இருந்த இன்சுலின் அளவே சரியாகச் சொன்னது. எடைக்காகவோ அழகுக்காகவோ மட்டும் செய்துகொள்கிறவர்களைவிட, உள்ளே வளர்சிதை மாற்றம் கெட்டுப்போனவர்களுக்கே இந்தச் சிகிச்சை உரியது.

எனவே, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் சர்க்கரை நோயின் வயதுக்கு, பத்தாம் ஆண்டில் என்ன பலன் எதிர்பார்க்கலாம்? ஆண்டுதோறும் எந்தெந்த ரத்தப் பரிசோதனைகள், அவற்றுக்கும் மாத்திரைகளுக்கும் என்ன செலவு? ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தால் உங்கள் மருத்துவமனையில் என்னைப் பார்க்க டயட்டீஷியனும் சர்க்கரை நோய் மருத்துவரும் இருப்பார்களா? ஏற்கெனவே செய்துகொண்டு, கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனோம் என்பதே மறந்துபோனவர்கள், இந்த வாரமே போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், எச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.